பரண் மேல் இருக்கும் டிவியைத் தொடாதே

நிஷி கசாய், டோக்கியோ
நவம்பர் மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ, மாமா, பையன் எல்லாம் நலமா? ஏரி இந்த வருஷமாவது தன் இடத்திலேயே இருக்கிறதா, வழக்கம்போலத் தெருவைப் பார்க்க வந்துவிட்டதா?

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியில் மாமா பிடுங்கிப் பேசுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவாய். இது உனக்கும் எனக்கும் மட்டும்.

நாற்பதைத் தொட்ட பிறகு பழைய வீடியோ கேம் வாங்குகிறானாமே, பணம் கொட்டிக் கிடக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கொட்டிக் கிடக்கவில்லை. இந்த ஊரில் ஒரு வழக்கம். புருஷன் சம்பளத்தை அப்படியே பெண்டாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் மாதாமாதம் கைச்செலவுக்கு ஒரு தொகை எண்ணிக் கொடுப்பாள். ஒகொஸுகாய் என்று அதற்குப் பேர். இத்தனை வருஷத்தில் ஜப்பானிய மொழியில் நாலு வார்த்தைக்கு மேல் கற்றுக்கொள்ளாத என் வீட்டுக்காரி, இதை மட்டும் வந்த வாரமே கற்றுக்கொண்டாள். அந்தத் தொகையில் மதியச் சாப்பாடும் டீயும் போக மிஞ்சுவதில்தான் என் சேகரிப்பு நடக்கிறது. மாசக் கடைசியில் டீயும் கிடையாது.

ஆனால் மிச்சம் பிடிப்பவனுக்கு இது சொர்க்கம். ஹார்ட் ஆஃப் என்று ஒரு பழைய சாமான் கடை, நாடு முழுக்கக் கிளைகள். முன்பக்கம் துடைத்து வைத்த ரேடியோ, கேமரா, கிடார். அங்கே எனக்கு வேலை இல்லை. பின்பக்கம் 'ஜங்க்' என்று ஒரு மூலை. பிளாஸ்டிக் கூடைகளில் சிக்கிய ஒயரும் கன்ட்ரோலரும் அடாப்டரும் குவிந்து கிடக்கும். 110 யென், 330 யென், 550 யென். கூடவே வரும் அந்தப் பத்தும் முப்பதும் பத்து சதவீத வரி. ஒரு யென் நம்ம காசில் ஏறக்குறைய அறுபது பைசா, கணக்குப் போட்டுக்கொள். வேலை செய்யும் என்று உத்தரவாதம் கிடையாது, திருப்பி வாங்கவும் மாட்டார்கள். ஆனால் பொருளின் குறையை அவர்களே சீட்டில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள்: 'படம் வரவில்லை', 'இடது பட்டன் சரியில்லை', 'மஞ்சள் பூத்திருக்கிறது', 'சிகரெட் வாடை'. கல்யாணத் தரகர்கள் யாராவது இந்தக் கடையில் ஒரு மாசம் வேலை பார்த்தால் தேவலை.

பேரம் மட்டும் கிடையாது. பர்மா பஜாரில் பாதி விலையில் ஆரம்பித்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் ஒரு கடையில் 550 யென் கன்ட்ரோலரை 400-க்குத் தருவாயா என்று கேட்டேன். அந்தப் பையன் இடுப்பு வரை குனிந்தான். உள்ளே போய் மேனேஜரைக் கேட்டான். திரும்பி வந்து இன்னும் ஆழமாகக் குனிந்து, முடியாது என்றான். அந்தக் குனிவைப் பார்த்து நானே ஐம்பது யென் கூடக் கொடுத்திருப்பேன், கையில் இருந்திருந்தால்.

நம் வீட்டு டிவி கேம் ஞாபகம் இருக்கிறதா? அரைப் பரீட்சை லீவில் அப்பா வாங்கி வந்தது. 'ஜப்பான் ஒரிஜினல் சார்' என்று சொல்லித்தான் விற்றார்களாம். அந்த ஒரிஜினலை இப்போதுதான் பார்த்தேன். 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்த நின்டென்டோ கம்பெனி, 1983 ஜூலை 15-ல் 14,800 யென்னுக்கு விற்க ஆரம்பித்த ஃபேமிகாம். அதைப் பார்த்து வேறு நாடுகளில் செய்த நகல்தான் நாம் ஆடியது. ஆனால் நகல் எடுத்தவனுக்கு ஒரு கும்பிடு போடலாம். கேசட் சொருகும் இடத்தில் அதே அறுபது பின். ஊரிலிருந்து நான் தூக்கி வந்த '9999 இன் 1' கேசட் இங்கே ஒரிஜினலில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. 9999-ல் முக்கால்வாசி மரியோவேதான், ஆரம்பிக்கிற ஸ்டேஜ் மட்டும் வேறு. அதையும் ஒன்று விடாமல் ஆடிப் பார்த்தவர்கள் நாம்.

நாம் ஆடிய கான்ட்ரா கேமின் கதையைக் கேள். 1988-ல் ஜப்பானில் வந்த கேசட்டில் காட்டு ஸ்டேஜில் தென்னை ஓலை காற்றில் ஆடுகிறது. பனி ஸ்டேஜில் பனி கொட்டுகிறது. ஸ்டேஜுக்கு நடுவே கதை வேறு வருகிறது. கேசட்டுக்குள் கூடுதலாக ஒரு சிப் வைத்திருக்கிறார்கள். நாம் இத்தனை வருஷம் ஓலை ஆடாத கான்ட்ராவை ஆடியிருக்கிறோம் அக்கா, யாரிடம் போய்ச் சொல்ல?

நான் வாங்கிய ஃபேமிகாம் 1993-ல் வந்த பிந்தைய மாடல். ஏவி ஒயர் சொருகலாம். 'படம் வரவில்லை' சீட்டு ஒட்டியிருந்ததால் மலிவு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துப் பின்களைத் துடைத்தேன், படம் வந்துவிட்டது. உன் ஊதலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ ஊதினால்தான் கேசட் ஓடும் என்று இன்றைக்கும் பையனிடம் பெருமை பேசுகிறாய். ஊதாதீர்கள், மூச்சின் ஈரத்தில் பின் அரித்துப்போகும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. வேலை செய்தது உன் மூச்சு இல்லை, எடுத்துத் திரும்பச் சொருகியதுதான்.

கேசட்டிலும் மலிவானதாகப் பொறுக்க ஒரு வழி உண்டு. பின்பக்கம் மார்க்கர் பேனாவில் பேர் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். நம் அம்மா எவர்சில்வர் டம்ளரில் பேர் வெட்டி வைத்த மாதிரி, இந்த ஊர்ப் பிள்ளைகள் நண்பனுக்கு இரவல் கொடுத்தது திரும்பி வர வேண்டுமென்று பேர் எழுதியிருக்கிறார்கள். பேர் இருந்தால் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், விலை இறங்கும். எனக்கு அதுதான் வேண்டும். என் அலமாரியில் இருப்பதெல்லாம் யாரோ ஊர்ப் பிள்ளைகளின் சொத்து. அவர்களுக்கும் இப்போது பேரன் பேத்தி இருக்கலாம்.

அகிஹபரா பக்கமும் போவதுண்டு. சூப்பர் பொட்டேட்டோ என்று பேர் பெற்ற கடை. அட்டைப்பெட்டி கசங்காத சரக்கெல்லாம் கண்ணாடிக்குள். விலைச் சீட்டைப் பார்த்ததும் நம்ம ஊர்ப் பூசலார் ஞாபகம்தான் வரும். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டி, காஞ்சிபுரத்துப் பல்லவ ராஜாவையே திருநின்றவூருக்கு வரவைத்தவர் இல்லையா? அந்த ஊர்க்காரனுக்கு அலமாரி என்ன பிரமாதம்! கண்ணை மூடினேன், கடையே என்னுடையது. ஜி.எஸ்.டி. கூடக் கட்டவில்லை.

இனி கடிதத்தின் முக்கிய விஷயம். வாத்து சுடும் விளையாட்டில் நீ என்னை ஒருநாள்கூட ஜெயிக்க விட்டதில்லை. அதன் ஒரிஜினல் துப்பாக்கி சிக்கிவிட்டது. ஆனால் அது இப்போதைய தட்டை டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக் குழாய்க்குள் அந்த வெளிச்சம் பட்டால் வாத்து விழும். பழைய பிக்சர் ட்யூப் டிவி அதை அந்த நொடியே காட்டும். தட்டை டிவி யோசித்து யோசித்துக் காட்டுகிறது, அதற்குள் துப்பாக்கி கைவிட்டுவிடுகிறது.

இங்கே ட்யூப் டிவி வாங்கலாம், வீட்டில் வைக்க இடமில்லை. தூக்கிப் போடுவது அதைவிடச் செலவு. 2001-ல் அமலுக்கு வந்த சட்டப்படி டிவியைக் குப்பையில் போடக்கூடாது, மறுசுழற்சிக்கு நாமே பணம் கட்ட வேண்டும். நம்ம ஊரில் காயலான்கடைக்காரர் நமக்குத் தருவார், இங்கே நாம் தர வேண்டும்.

ஆகையால் பரண் மேல் பார். 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் அம்மா பேருக்கு வந்த 14 இஞ்ச் டிவி, பழைய போர்வை சுற்றிக் கிடக்கும். உலகம் முழுக்க என்னைப் போன்ற பைத்தியங்கள் அந்த ரக டிவியைத்தான் தேடி அலைகிறார்கள். போகிக்குச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எடைக்குப் போட்டுவிடாதே. பின்பக்கம் மஞ்சள், வெள்ளை ஓட்டை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல். மாமாவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 230 வோல்ட்டை 100 ஆக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் விசாரிக்கச் சொல். இந்த ஊர் அடாப்டரை நம்ம பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான் வரும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலும் கவலை இல்லை, வாத்து விழும்.

பொங்கலுக்கு வருகிறேன்.

அன்புத் தம்பி

பி.கு.: துப்பாக்கி விஷயம் மாமாவுக்கு மட்டும் தெரியட்டும். அமெரிக்காவுக்கு அனுப்பியதைத்தான் விண்வெளிக்காரன் துப்பாக்கி மாதிரி செய்தார்கள். ஜப்பானில் விற்றது அச்சு அசல் கௌபாய் ரிவால்வர், கறுப்பு நிறம். பெரிய பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவரப் போகிறேன். மீனம்பாக்கத்தில் நான் வெளியே வரத் தாமதமானால் மாமா பதற வேண்டாம், யாராவது கேட்டால் பொம்மை என்று மட்டும் சொல்லட்டும். வாத்து சுட என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் வனத்துறைக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.