கழுகு கெடக்கட்டும், இந்தக் கலயத்தைப் பாரும்

வாரும் உபதேசியாரே, வாரும். விடிலிக்குள்ள பதனி காயுது, ஒரே பொகை. ஒம்ம வெள்ளைச் சட்டைக்கு ஆகாது. நார்க்கட்டிலை வெளிய இழுத்துப் போட்டு உக்காரும்.

என்ன, கையில போனு, நோட்டு, பேனா? ஓ, "பனைமரம் தரும் பத்து ஆவிக்குரிய பாடங்கள்". தலைப்பு நல்லாத்தான் இருக்கு. பத்துக்கும் நம்பர் போட்டாச்சு, ஏழுக்குக் குறிப்பும் எழுதியாச்சு. இனி மரத்தைப் பாக்கதுதான் பாக்கி. அதுக்கென்ன, அது நடந்தா போயிரப் போவுது? மெதுவாப் பாப்போம்.

ஞாயித்துக்கெழமை அறுப்பின் பண்டிகை, ஐயருக்கு வேற சபையிலயும் ஆராதனை, அதனால பிரசங்கம் ஒம்ம தலையில விழுந்திருக்கு. அதானே? விழட்டும். ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடக் கூடாது. போன ஐப்பசியில தூக்கணாங்குருவியை வச்சுக் குடும்பப் பிரசங்கம் பண்ணினீரே, ஞாவகம் இருக்கா? ஆண் குருவி நார் நாராக் கிழிச்சுட்டு வந்து பொண்டாட்டி பிள்ளைக்கு வீடு கட்டுது, கிறிஸ்தவப் புருசன்மாருக்கு அதுதான் மாதிரின்னு சொன்னீரு. பொம்பளையாளுவ அத்தனை பேரும் திரும்பி அவுகவுக வீட்டுக்காரனை மொறைச்சாவ. நான் கடைசி பெஞ்சுல வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்.

அந்தக் குருவி இந்தப் பனையிலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு வே. அது என்ன பண்ணும் தெரியுமா? பாதிக் கூட்டைக் கட்டிட்டு, அதுல தொங்கி றெக்கையை அடிச்சுப் பொட்டையைக் கூப்புடும். பொட்டை வந்து இழுத்துப் பாக்கும், கொத்திப் பாக்கும். புடிக்கலைன்னா போயிரும். புடிச்சாத்தான் மீதிக் கூடு. சரி, அம்புட்டும் நல்லாத்தான் இருக்கு. பொட்டை முட்டைக்கு உக்காந்த ஒடனே நம்ம மாதிரிப் புருசன் எங்க போவான்? பக்கத்து மட்டையில அடுத்த பாதிக் கூடு, அடுத்த பொட்டை! அடை காக்கது அவ, இரை தேடி அலையுறதும் பெரும்பாலும் அவதான். நீரு ஆதாம் ஏவாளைப் பேசையில இந்தக் குருவியைக் கூப்புடாதீரும். யாக்கோபைப் பத்திப் பேசையில கூப்புட்டுக்கிடும், பொருத்தமா இருக்கும்.

சிரிக்காதீரும். இதைவிடப் பெரிய கூத்து அந்தக் கழுகு. கன்வென்ஷன் மேடையில அதைக் கேக்காத வருசமே இல்ல. நாப்பது வயசுல கழுகு மலைமேல ஏறி, அலகைப் பாறையில முட்டி ஒடைச்சு, நகத்தைப் புடுங்கி, எறகைப் புடுங்கி, அஞ்சு மாசம் கெடந்து, எல்லாம் புதுசா மொளைச்சு இன்னும் முப்பது வருசம் பறக்குமாம். கேட்டுட்டுச் சனம் அழுவுது. எனக்கும் அழுகைதான் வருது, அந்தக் கழுகை நெனச்சு. அலகு ஒடைஞ்ச பறவை அஞ்சு மாசம் எதை வச்சுத் திங்கும்? கோழிக்கு மூக்குல அடிபட்டாலே ரெண்டு நாள்ல சுருண்டுக்கிடுது. எறகு பழசானா ஒண்ணொண்ணா உதுந்து ஒண்ணொண்ணா மொளைக்கும். அலகும் நகமும் தேயத் தேய வளந்துக்கிட்டே இருக்கும். பாறையும் வேண்டாம், முட்டவும் வேண்டாம். ஏசாயா 40-ஆம் அதிகாரத்துல கழுகு செட்டையடிச்சு மேல எழும்புறது இருக்கு. அலகை ஒடைக்கிற சமாச்சாரம் ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரைக்கும் தேடினாலும் இல்ல. ஆண்டவர் படைச்ச கழுகு பத்தாதுன்னு நம்மாளு ஒண்ணைப் படைச்சு மேடையில பறக்க விட்டிருக்கான்.

ஆண்டவர் பேசுன விதத்தைப் பாரும். குருவியைப் பத்திப் பேசுனாரு, சரி. அதுலயும் சந்தை வெலையோட பேசுனாரு. மத்தேயு 10-ல ஒரு காசுக்கு ரெண்டு குருவி. லூக்கா 12-ல ரெண்டு காசுக்கு அஞ்சு. கணக்குப் போடும். ரெண்டும் ரெண்டும் நாலுதானே? அஞ்சாவது கொசுறு. கறி வாங்கையில கூட ரெண்டு எலும்பை அள்ளிப் போடுவானே, அந்தக் கணக்கு. அந்தக் கொசுறுக் குருவியையும் தேவன் மறக்கலைங்காரு. சந்தையில நின்னு வெல கேட்ட ஆளு வாயிலதான் இப்படி வரும். மரத்தச்சன் வீட்டுப் பிள்ளை, காசு எண்ணிக் குடுக்கதை அம்மா பக்கத்துல நின்னு பாத்திருப்பாரு. அவரு "குருவி தரும் மூன்று பாடங்கள்"னு ஆரம்பிச்சிருந்தா ரெண்டாவதுலயே பேதுரு தூங்கியிருப்பான். அந்த ஆளு கெத்செமனே தோட்டத்துலயே தூங்கினவன்லா.

சரி, ஒம்ம பனைக்கு வருவோம். மொதக் குறிப்பு என்ன எழுதியிருக்கீரு? "பனை வானத்தை நோக்கி வளருகிறது, நாமும் மேலானவைகளை நாட வேண்டும்". ம். பனங்கொட்டையைப் புதைச்சுப் பாத்திருக்கீரா? அது மொதல்ல எங்க போவும்? கீழ. தரைக்குள்ள நேரா எறங்கி, அங்க கெழங்கு வைக்கும். பொங்கலுக்கு வேவிச்சுத் திங்கீரே, அதுதான். தோண்டாம விட்டாலும் வருசக்கணக்கா மண்ணோட மண்ணா நாலு ஓலையைக் காட்டிக்கிட்டு நிக்கும், அதுக்குப் பெறகுதான் தடி தெரியும். பாளை விட்டு நமக்கு ஒரு கலயம் பதனி தர்றதுக்குப் பதினஞ்சு இருவது வருசம் ஆவும். மேல போறதை மட்டும் எழுதினீருன்னா மரத்துல பாதியை எழுதாம விட்டாச்சு. ஆமா, அடிச்சுட்டு மாத்தி எழுதும். இல்ல, இப்ப எழுதாதீரும். மொதல்ல இதைப் பாரும்.

இந்தக் கலயத்துக்குள்ள விரலை விடும். வெள்ளையா ஒட்டுதா? சுண்ணாம்பு. என் மவன் காலையில ஏறி, பாளையைக் கடிப்புல வச்சு நெரிச்சு, நுனியைச் சீவி, இதைக் கட்டிட்டு எறங்குவான். சீவுறது ஓலைக்கனம் சீவணும். கூடச் சீவினா பாளை சீக்கிரம் தீந்து போவும். ஒரு நாள் சீவாம விட்டா வாய் காஞ்சு அடைச்சுக்கிடும், அப்புறம் கெஞ்சினாலும் சொட்டாது. சுண்ணாம்பு தடவாம கட்டினா விடியுறதுக்குள்ள கள்ளு. தடவிக் கட்டினா பதனி. மரம் அதே மரம், பாளை அதே பாளை, கலயமும் அதே கலயம்.

பேனா எடுத்தாச்சா? தெரியும். "சுண்ணாம்பு என்பது தேவனுடைய வசனம்". எழுதும், எழுதும். ஆனா எவ்வளவு தடவணும்னு சொல்லிட்டு எழுதும். சொல்லத் தெரியலைல்லா? கொறஞ்சா புளிக்கும், பொங்கும். கூடிச்சுன்னா நாக்கு வெந்து போவும், கருப்பட்டியும் நல்லா வராது. எங்க ஐயா கலயத்துக்குள்ள ஒரே சுத்துதான் விரலைச் சுத்துவாரு, அதுக்கு அளவும் கிடையாது, படியும் கிடையாது. பதனியைக் காய்ச்சுறதுக்கு முந்தித் தெளிய வச்சு, அடியில தங்கின சுண்ணாம்பைக் கீழ விட்டுட்டுத்தான் வடிப்பாவ. கெடாமக் காக்கத்தான் சுண்ணாம்பு, குடிக்க இல்ல. நம்ம சபையிலயும் சில பேரு இருக்காவ, கலயம் பூராவும் சுண்ணாம்பைப் பூசிட்டு ஒரு சொட்டு பதனி இல்லாம வருசக்கணக்கா மரத்துல தொங்கிக்கிட்டு. பேரு சொல்ல மாட்டேன். கமிட்டி எலெக்சன் வருது.

எட்டாவதா என்ன எழுதப் போறீரு, "பனையேறியைத் தேவன் தாங்குகிறார்"? இதை மட்டும் எழுதாதீரும் தம்பி. கேலிக்குச் சொல்லலை. இந்தத் தேரியில மரத்துலேருந்து விழாத ஆளு இருக்கிற தெரு கிடையாது. விழுந்தவன்ல ஜெபம் பண்ணாம ஏறினவன் எவன்? நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டு ஏறினவனும் விழுந்தான். ஒருத்தன் விழுந்தா மறுநாள் ஊரு என்ன பேசும் தெரியுமா? ஓய்வுநாள்ல ஏறினான், தசமபாகம் குடுக்கலை, அவன் பாட்டன் அப்படி, இவன் மாமன் இப்படின்னு பாடம் பாடமா வரும். 2004-ல சுனாமி வந்ததும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கெழமை. அந்த வாரம் பாடம் சொல்லாத வாய் உண்டா? பொணத்தை எடுத்து முடிக்கலை, அதுக்குள்ள அர்த்தத்தை எடுத்து முடிச்சாச்சு.

லூக்கா 13-ஐப் பிரியும். சீலோவாமுல கோபுரம் இடிஞ்சு பதினெட்டுப் பேரு செத்தாவ. எருசலேம்ல இருந்த மத்த எல்லாரையும் விட அவுகதான் பெரிய பாவியளான்னு ஆண்டவரே கேட்டுட்டு, இல்லைன்னு முடிக்காரு. அப்புறம் விரலைத் திருப்பி, கேட்டுக்கிட்டு நிக்கவன் பக்கம் காட்டுதாரு: நீ மனந்திரும்பு. குருவியிலயும் கடுகுலயும் பாடம் எடுத்தவரு, செத்தவன் மேல வச்சுப் பாடம் எடுக்க மாட்டேன்னுட்டாரு. அதோட விடலை, அதே மூச்சுல ஒரு அத்திமரத்துக் கதை சொல்லுதாரு. மூணு வருசமாக் காய்க்கலை, வெட்டுங்கான் முதலாளி. தோட்டக்காரன், "இந்த வருசம் மட்டும் விடுங்க, சுத்திக் கொத்தி எரு போடுதேன்"ங்கான். அந்த மரம் அப்புறம் காய்ச்சுதா? சொல்லவே இல்ல, கதை அங்க நின்னு போச்சு. நீரா இருந்தா அதுல நாலு குறிப்பு எடுத்து, கடைசியில ஒரு பாட்டும் போட்டிருப்பீரு.

என்ன, மூஞ்சி சுருங்குது? ஒம்மளை மட்டும் சொல்லலை. நம்ம பக்கத்துல இதைச் சரியாச் செஞ்சவுகளும் இருக்காவ. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774-ல பொறந்தது நம்ம திருநெல்வேலிச் சீமையிலதான். பெத்லகேம் குறவஞ்சின்னு எழுதினாரு. சனத்துக்குத் தெரிஞ்ச குறத்தியைக் கூப்புட்டு, அவ வாயில சுவிசேசத்தை வச்சாரு. குறத்தி எப்படிப் பேசுவான்னு தெரியாதவனால அது ஆவுமா? கால்டுவெல் ஐயரை எடுத்துக்கிடும். 1841-ல இடையன்குடிக்கு வந்தாரு. கோயில் கட்டிப் பிரதிஷ்டை பண்ண 1880 ஆச்சு. 1891-ல கொடைக்கானல்ல செத்தாலும் ஒடம்பைத் திரும்ப இடையன்குடிக்கே கொண்டாந்தாவ. அம்புட்டு வருசம் இந்தச் செம்மணலை மிதிச்சவரு. நீரு ஒம்பது மணிக்கு வந்து, பத்து மணிக்குள்ள பத்துப் பாடத்தோட பஸ் ஏறப் பாக்கீரு.

இன்னொரு சங்கதி. ஒம்ம பத்துலயும் மரம் இருக்கு, ஏறுதவன் இருக்கான். அடுப்படியில நிக்கவ எங்க? ஆண்டவர் மாவுல புளிச்சமாவு வச்ச பொம்பளையையும் சொன்னாரு, வெள்ளிக்காசைத் தொலைச்சுட்டு வீட்டைப் பெருக்கினவளையும் சொன்னாரு. அந்தா பாரும், ஓலைப் பொகைக்குள்ள எங்க வீட்டுக்காரி. பதனி பொங்கி வாரப்ப நாலு ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவா, நொரை அடங்கிரும். மணிக்கணக்காத் துழாவிக்கிட்டே நிக்கணும். கொஞ்சம் பாகை எடுத்துத் தண்ணியில விட்டு, விரல்ல உருட்டிப் பாப்பா. உருண்டா எறக்கிச் சிரட்டையில ஊத்தணும். கண்ணை எடுத்தா அடிபிடிச்சுரும், அன்னைக்குப் பொழப்பு போச்சு.

ஏட்டி, உபதேசியார் கேக்காவ, கருப்பட்டி காய்ச்சுறதுல ஆவிக்குரிய பாடம் என்னன்னு!

கேட்டீரா? "பொகையில நின்னு அரை மணி துழாவச் சொல்லுங்க, அப்புறம் அவியளே சொல்லட்டும்"ங்கா. வேதாகமக் கல்லூரியில மூணு வருசத்துல சொல்லிக் குடுக்காததை ஒரே வரியில முடிச்சுட்டா. இவளுக்கு யாரு பட்டம் குடுப்பா?

அப்ப பிரசங்கத்துக்கு என்ன பண்ணங்கீரா? நாளைக்கு விடிய முந்தி வாரும். மேல ஏற வேண்டாம், எறக்குற கலயத்தைக் கீழ நின்னு வாங்கும். அதுல ஈயும் எறும்பும் கெடக்கும், ஒம்ம சட்டை நாறும். வாங்கி வடிச்சு இவகிட்டக் குடுத்துட்டு, துடுப்பைக் கையில புடியும். பாடம் கெடச்சா ஒண்ணே ஒண்ணு சொல்லும். அதுவும் ஒம்மக் குத்தினதா இருக்கணும், மூணாவது பெஞ்சுக்காரனைக் குத்துறதா இருக்கப்படாது. கெடைக்கலைன்னா, "பதனி இப்படித்தான் எறங்குது, கருப்பட்டி இப்படித்தான் காயுது"ன்னு உள்ளதைச் சொல்லிட்டு ஸ்தோத்திரம் சொல்லி எறங்கும். கேட்டுக்கிட்டு இருக்கவன் பாதிப்பேரு மரம் ஏறினவன், மிச்சம் அடுப்பு எரிச்சவ. அர்த்தம் அவுகளுக்குத் தெரியும்.

ஆராதனை முடிஞ்சு காணிக்கை ஏலம் நடக்கும்லா? பிரசங்கம் இருவது நிமிசத்தைத் தாண்டலைன்னா மொதக் கருப்பட்டியை ஒம்ம பேர்ல நான் எடுக்கேன், எவன் எவ்வளவு கேட்டாலும் மேல கேப்பேன். தாண்டிச்சுன்னா பூசணிக்காயை ஒம்ம தலையில கட்ட வைப்பேன், கோயில்குட்டியார்கிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சாச்சு.