கைடு சொன்னா கேட்டுறாத, பேராண்டி!

என்னப்பா பேராண்டி, ஊரே வேன் பிடிச்சு மதுரைக்குக் கிளம்புதாம்ல? கீழடி, காந்தி மியூசியம், நாயக்கர் மகால், மூணையும் ஒரே நாள்ல முடிச்சிருவீகளாம். முடிங்க, முடிங்க. கிழவன் சொல்றதையும் கொஞ்சம் காதுல போட்டுக்க.

காலைச் சாப்பாட்டுல அவசரம் கூடாது. பொங்கல், வடை, காப்பி, அப்புறம் வெத்தலை பாக்கு. கைடு கீழடி வாசல்ல காத்துக்கிட்டு நிப்பாரு, நிக்கட்டும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல மண்ணுக்குள்ள கெடந்த சாமான், இன்னும் ஒரு மணி நேரம் கெடக்காதாக்கும்?

அந்தக் கீழடி மியூசியக் கட்டடம் 2023ல தொறந்தது, செட்டிநாட்டுப் பாணி. வாசல் தூண்ல சாஞ்சு ஒரு செல்ஃபி எடுத்துரு. பாதிப் பேருக்கு அதோட கீழடி முடிஞ்சுது. உள்ள போயே தீருவேன்னா, கண்ணாடிப் பெட்டிக்கும் மத்தவுகளுக்கும் நடுவுல போயி நில்லு. கைடு பானை ஓட்டுல கீறின எழுத்தைக் காட்டி, ஆதன்னு ஒருத்தன் பேரும்பாரு. 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த கரியைச் சோதிச்சதுல கி.மு. 580ன்னு வந்துச்சும்பாரு. உடனே நீ, "தங்கம் எங்கண்ணே இருக்கு?"ன்னு கேட்டுரு. அப்படிக் கேக்க ஒரு ஆள் இல்லேன்னா கூட்டத்துக்கு என்ன மரியாதை?

சுட்ட மண்ணுல, நடுவுல ஓட்டை போட்ட சின்ன வட்டுக இருக்கும். தக்களி. குச்சியைச் சொருகிச் சுத்தி நூல் நூக்குறது. தாயக்கட்டையும் ஆட்டக்காயும்கூட வச்சிருப்பாக. (நூத்த நேரம் போக தாயம் உருட்டியிருக்காக, செல்போன் இல்லாத சனம், பாவம்.) அந்தத் தக்களியை மட்டும் ரொம்ப நேரம் பாத்துறாத. பாத்தா மத்தியானம் வில்லங்கம்.

எப்படிங்கிறியா? வயிறு முட்டத் தின்னுட்டு, கொட்டாவி விட்டுக்கிட்டே காந்தி மியூசியத்துக்குள்ள நுழைவீக. ராணி மங்கம்மா அரண்மனை அது. 1959ல நேரு தொறந்து வச்சாரு. இதே மதுரையில, மேலமாசி வீதியில, 1921 செப்டம்பர்ல காந்தி சட்டையும் தொப்பியும் வேணாம்னு முழத்துண்டு கட்டின கதையைக் கைடு சொல்லுவாரு. காலையில தக்களியை உத்துப் பாத்த பயலுக்கு அங்கன மண்டை குடைய ஆரம்பிக்கும். வைகைக் கரையில எந்தக் காலத்துலயோ நூத்த நூலு, எப்படி அறுந்துச்சு, இந்த மனுசன் ஏன் ராட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தாருன்னு கேள்வி மேல கேள்வி. ராத்தூக்கம் போச்சு. உனக்கெதுக்கு அந்தப் பாடு?

அங்க ரத்தக்கறையோட ஒரு துணி வச்சிருக்காக. 1948 ஜனவரி 30ல அவரு உடுத்தியிருந்தது. அந்த எடத்துல செல்போனைப் பைக்குள்ள போட்டுரு. இதுல கேலி இல்ல.

சாயங்காலம் மகால். அதுக்குள்ள பாதிப் பேரு சுங்குடிச் சேலைக்கும், மிச்சப் பேரு ஜிகர்தண்டாவுக்கும் நழுவியிருப்பாக. நீ தூணைக் கட்டிப் பிடிச்சு அளந்து பாரு, ஆனா பேரைக் கீறிறாத. ஆதன் கீறினது பானையில. தூணு உங்கப்பன் வீட்டுது இல்ல. திருமலை நாயக்கர் 1636ல கட்டினதுல இப்ப நிக்கிறது கால்வாசிதான். மிச்சத்தைப் பேத்துத் திருச்சிக்கு அள்ளிக்கிட்டுப் போனது யாருங்கிற? வெள்ளைக்காரனா? அவரு பேரன், சொக்கநாதன்! பேரன்மாரு புத்தி அன்னைக்கே அப்படித்தான் இருந்திருக்கு. நம்பலேன்னா கைடையே கேளு, அவரு அந்த எடத்துக்கு வர்ற வரைக்கும் வேன்காரன் ஹாரன் அடிக்காம இருந்தா.