கொட்டகைக்கு வெளியே கேட்ட குரல்

மதுரையில் ஓடி, தேனியில் ஓடி, பெரியகுளத்திலும் ஓடித் தேய்ந்து, திரை முழுக்கக் கோடு கோடாய் மழை பெய்கிற நிலையில்தான் ஒரு படப்பெட்டி எங்கள் தேவதானப்பட்டிப் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்து சேரும். அதற்குள் யார் சாகிறார், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார் என்பதெல்லாம் வத்தலக்குண்டில் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாயால் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் தட்டி கட்டிய மாட்டுவண்டி கொட்டடித்துக்கொண்டு போகையில், நோட்டீசுக்காகப் பின்னால் ஓடாத பிள்ளை உங்கள் ஊரில்தான் இருந்ததா?

காசிருந்தால் உள்ளே மணல் தரை. இல்லாத நாளில் கீற்றுத் தடுப்புக்கு வெளியே துண்டை விரித்துப் படுத்தபடி வசனம் கேட்போம். எங்கள் ஊர் மூங்கிலணைக் காமாட்சியம்மனுக்கே அடைத்த கதவுக்குத்தான் பூசை. கண்ணால் பார்க்காமலே மனசு நிறைவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். அப்படிக் காது வழியாக எனக்குள் குடிவந்தவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன்.

சேடப்பட்டிக்காரர். அப்போது எல்லாம் ஒரே மதுரை மாவட்டம் என்பதால், 'நம்ம பக்கத்து ஆளு' என்று பெரியவர்கள் உரிமையோடு சொல்வார்கள். நாடக மேடையில் வளர்ந்து, 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில் போரில் காலிழந்து திரும்பும் ஞானசேகரனாக நின்றவர். புராணப் படங்களில் நடிப்பதில்லை என்ற கொள்கையால் வந்த வாய்ப்புகளை விட்டுக்கொடுத்து, 'லட்சிய நடிகர்' என்ற பெயரைச் சம்பாதித்தவர். சிவாஜியும் எம்.ஜி.ஆரும் ஆளுக்கொரு பக்கம் திரையை ஆண்ட நாளில், வார்த்தையை முழுசாக, ழகரம் சிதையாமல் உச்சரித்தே அவர் தனியிடம் பிடித்தார். 1964இல் வந்த 'பூம்புகார்' கோவலனை நான் முதலில் கேட்டேன், பிறகுதான் பார்த்தேன்.

அந்தக் குரல் 1962இல் தேனித் தொகுதியில் தி.மு.க.வுக்காக ஓட்டுக் கேட்டது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்ற அந்தத் தேர்தலில் இவர் வென்றார். திரையில் பார்த்தவரைத் தெருவில், வியர்வையோடு, கைகூப்பி நிற்கப் பார்ப்பது அன்று எவ்வளவு பெரிய விஷயம்! 1980இல் அ.தி.மு.க.வுக்காக ஆண்டிபட்டியில் ஜெயித்தார். அடுத்து 1984இல் அதே ஆண்டிபட்டிக்கு எம்.ஜி.ஆர். வேட்பாளர், அவரோ நியூயார்க் புரூக்ளினில் மருத்துவமனைக் கட்டிலில். அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை வீடியோவில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். நடிகர் திரையைவிட்டுத் தெருவுக்கு வந்த காலம் போய், தலைவர் தெருவைவிட்டுத் திரைக்குப் போன காலம் வந்தது.

இப்போது 'பூம்புகார்' என் பேரன் கைப்பேசியில், ஒரு கோடு இல்லாமல், காசில்லாமல் கிடைக்கிறது. கொட்டகையில் ரீல் மாற்றும் இடைவெளியில் வந்த கைமுறுக்கும் கோலி சோடாவும், முன்னால் மணலைக் குவித்து உயர உட்கார்ந்தவனோடு போட்ட சண்டையும் அதில் வருவதில்லை. "ஏன் தாத்தா இவ்வளவு பேசுறாங்க?" என்று விரலால் இரண்டு தட்டுத் தட்டி வசனத்தைத் தாண்டிப் போகிறான். போனை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவன் தாண்டிய வசனத்தை நானே பேசிக் காட்டுகிறேன்; அதை மட்டும் முழுசாகக் கேட்கிறான்.