ஒரு பின் குறைத்த புண்ணியவான்கள்

புராசஸர் கம்பெனிக்காரர்களைச் சிலர் வாய்க்கு வந்தபடி வைகிறார்கள். நன்றி கெட்ட உலகம். வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, புராசஸரை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று நாம் அற்பமாக ஆசைப்படுகிறோம். அவர்களோ பெரிய மனசுக்காரர்கள். மதர்போர்டு, கூலர், முடிந்தால் ரேம் என்று குடும்பத்தையே புதுசாக்கித்தான் நம்மை அனுப்புவார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிகூட, கையோடு தோட்டத்தையும் மாற்றிக்கொள் என்று சொல்லும் அளவுக்கு யோசித்தவன் இல்லை.

இன்டெல்லின் சிக்கனத்தை முதலில் சொல்ல வேண்டும். போர்டில் புராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். 2009இல் வந்த சாக்கெட்டில் 1156 பின்கள். 2011இல் அது 1155 ஆயிற்று. ஒரே ஒரு பின் மிச்சம்! அதற்காகப் புதுப் புராசஸர் வாங்கியவர்கள் போர்டையும் மாற்ற வேண்டி வந்தது, அது வேறு விஷயம். 2013இல் இன்னும் ஐந்தைக் குறைத்து 1150. 2015இல் கை தாராளமாகி ஒன்றைக் கூட்டி 1151. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவைத்த நம் பாட்டன்மார், ஒரு பின்னுக்கு ஒரு போர்டு என்கிற கணக்கைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொடுத்துவைக்கவில்லை.

அந்த 1151தான் அவர்கள் இயற்றிய காவியம். ஆறாம் தலைமுறைப் புராசஸர் அதில் உட்கார்ந்தது. 2017 ஜனவரியில் ஏழாம் தலைமுறையும் அதிலேயே. அதே ஆண்டு அக்டோபரில் எட்டாம் தலைமுறை வந்தது, அதற்கும் 1151தான். எண் மாறவில்லை, அளவும் மாறவில்லை. பழைய போர்டில் சாக்கெட்டின் மூடியைத் தூக்கி, புராசஸரின் இரு ஓரத்துப் பள்ளங்களையும் சாக்கெட்டின் மேடுகளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அம்சமாக உட்காரும். கம்பியை அழுத்திப் பூட்டலாம். பவர் பட்டனை அமுக்கினால் ஃபேன்கூடச் சுற்றலாம். திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பத்துப் பொருத்தமும் கூடிவந்த ஜோடி, பேச்சுவார்த்தைதான் இல்லை.

300 வரிசைச் சிப்செட் உள்ள புதுப் போர்டுதான் வேண்டுமாம். காரணமும் மரியாதையாகச் சொன்னார்கள்: புதுப் புராசஸருக்கு மின்சாரம் கூடுதலாகத் தேவை, அதற்கான பின்களைக் கூட்டியிருக்கிறோம் என்று. பொழுதுபோகாத சில பேர் போர்டைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலைத் திருத்தி, எட்டாம் தலைமுறை ஐ3யைப் பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டினார்கள். பெரியவர்கள் சொல்லைத் தட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நாம் பொருட்படுத்த வேண்டாம்.

இந்தக் காவியத்துக்கு உத்தரகாண்டம் எழுதியது மைக்ரோசாஃப்ட். 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்றார்கள். ஓரிரண்டு விலக்கு தவிர ஏழாம் தலைமுறைக்குப் பட்டியலில் இடமில்லை. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்தது. ஆக, 2017 தொடக்கத்தில் ஆசை ஆசையாகக் கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு எட்டாம் தலைமுறை வேண்டும். அது உட்காரும் இடம் அவர் வீட்டிலேயே இருக்கிறது. உட்காரத்தான் கூடாது. ஒருவர் போகச் சொல்லும் கதவுக்கு இன்னொருவர் நாலு வருஷம் முன்பே பூட்டுப் போட்டுவைத்திருப்பதென்றால், இந்த ஒற்றுமை கூடப்பிறந்தவர்களிடம்கூடக் கிடையாது.

சரி, போர்டையும் மாற்றிவிடுவோம் என்று 1700 சாக்கெட்டுக்குப் போனால், கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி அதில் 75 மில்லிமீட்டரிலிருந்து 78 ஆகியிருக்கிறது. பழைய கூலருக்குத் தனி மாட்டி வாங்க வேண்டும், இல்லையென்றால் கூலரையே மாற்ற வேண்டும். வாமனன் மூன்றடி கேட்டான். இவர்கள் மூன்று மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். ரேமும் அப்படித்தான். அந்தச் சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெட்டியில் எழுதியிருப்பதைச் சரியாகப் படிக்காதவர்களுக்குப் புது ரேம் வாங்கும் பாக்கியம் கூடுதலாகக் கிட்டும்.

இந்த வள்ளன்மையில் போட்டிக் கம்பெனியான ஏஎம்டிக்காரர்கள் கொஞ்சம் பின்தங்கியவர்கள். 2017இல் முதல் ரைசன் புராசஸர் உட்கார்ந்த அதே ஏஎம்4 சாக்கெட்டை 5000 வரிசை வரைக்கும் இழுத்தார்கள். அவர்களுக்கும் ஒரு தடவை நல்ல புத்தி வந்தது. 2020 மே மாதம், பயாஸ் சிப்பில் 16 எம்பிதான் இருக்கிறது, அதனால் 400 வரிசைப் போர்டுகளில் அடுத்த தலைமுறைக்கு இடமில்லை என்று அறிவித்தார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் அந்த 16 எம்பியிலேயே இடம் பிறந்துவிட்டது. பழைய புராசஸர்கள் சிலவற்றின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு இடம் பண்ணினார்கள். இப்படி இளகின மனசை வைத்துக்கொண்டு என்ன வியாபாரம் செய்வது?

ஆனால் பயாஸ் விஷயத்தில் இரு தரப்புமே ஞானிகள். புதுப் புராசஸரைப் போர்டு அடையாளம் காண வேண்டுமானால் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். பல போர்டுகளில், அப்டேட் செய்யக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓட வேண்டுமானால், போர்டுக்கு ஏற்கெனவே தெரிந்த புராசஸர் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். 2018இல் இந்தச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு ஏஎம்டியே ஒரு புராசஸரை இரவல் அனுப்பி, வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டது. பக்கத்து வீட்டில் உறைக்கு மோர் வாங்கியிருக்கிறோம். புராசஸர் இரவல் வாங்கியதைக் கேள்விப்பட்டது அப்போதுதான்.

புராசஸருக்குப் பணம் கட்டும் முன் சிபியு-இசட் நிரலைத் திறந்து, மெயின்போர்டு பக்கத்தில் இருக்கும் மாடல் பெயரையும் பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்டு கம்பெனியின் சிபியு சப்போர்ட் பட்டியலில் நீங்கள் வாங்கப்போகும் புராசஸரின் முழு எண்ணும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து அது ஓடும் என்பதும் போட்டிருக்கும். அதற்கு முந்தைய பதிப்பு உங்களிடம் இருந்தால் அப்டேட்டை முடித்துவிட்டு வாங்குங்கள். பழைய புராசஸரை அதுவரை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.