குழந்தைகளை எந்தத் தலைப்பில் கணக்கு வைப்பது?

பெறுநர்: தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்கள்.

பொருள்: சமுதாயக் கட்டடங்களைக் குழந்தைகளின் தொந்தரவிலிருந்து பாதுகாத்தல் தொடர்பாக.

பார்வை: விவாதமின்றி ஒருமனதாக நிறைவேறிய தங்கள் தீர்மானங்கள் அனைத்தும்.

மாண்புமிகு மன்றத்தாருக்கு,

தங்கள் கட்டடம் கட்டும் திறமையை மெச்சித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அடிக்கல்லுக்கு நாள் குறிப்பது, கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் பெரிய எழுத்தில் என்று பஞ்சாயத்துப் பேசித் தீர்ப்பது, ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டுவது என எதிலும் தங்களிடம் குறை காண முடியாது. கட்டடம் நாணயமான சரக்கு. மதிப்பீடு உண்டு, ஒப்பந்தப்புள்ளி உண்டு, எம்-புக் என்னும் அளவுப் புத்தகம் உண்டு, கடைசி பில் உண்டு. ஒரு நாள் வேலை முடிந்துவிடும். குழந்தைக்கு இந்த ஒழுங்கு கிடையாது. ஒருமுறை திறந்துவைத்துவிட்டுக் காரில் ஏறிவிட முடியாது. மறுநாள் காலையிலும் வந்து நிற்கும், பசியோடு நிற்கும், மழைக்காலத்தில் சேற்றுக்காலோடு உள்ளே நுழையும். அதனால்தான் தங்கள் கணக்கில் கட்டடம் மூலதன நிதியில் சொத்தாகக் கம்பீரமாக அமர்ந்திருக்கிறது. அதற்குள் குழந்தைகளுக்காக அன்றாடம் நடக்க வேண்டிய வேலையோ வருவாய் நிதியில் செலவாக உறுத்துகிறது. சொத்தைப் பெருக்கு, செலவைச் சுருக்கு என்பதுதான் நல்ல நிர்வாகத்தின் இலக்கணம் என்று தங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அங்கன்வாடிக்குச் சுவர் எழும்புகிறது, சுவரில் சோட்டா பீம் சிரிக்கிறான், அடைத்துக்கொண்ட கழிப்பறைக் குழாயைச் சரிசெய்ய மட்டும் ஒதுக்கீடு இருப்பதில்லை. குழந்தைகள் தொடர்பாகத் தாங்கள் எடுக்கும் கோணல் முடிவுகள் எல்லாமே கல் நெஞ்சத்தால் நேர்வதல்ல, இந்த ஒரு கணக்குப் பழக்கத்தால் நேர்வது என்பதே இக்கடிதத்தின் வாதம்.

பழி முழுவதையும் தங்கள் தலையில் போடுவதும் நியாயமில்லை. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கென்று 12-ஆவது அட்டவணையில் 18 பணிகளை எழுதிவைத்தது. சாலை, குடிநீர், தீயணைப்பு இருக்கின்றன. பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறது. இடுகாடும் சுடுகாடும் இருக்கின்றன. கால்நடைப் பட்டி, இறைச்சிக்கூடம், தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம் எதுவும் விடுபடவில்லை. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு மட்டும் அதில் இல்லை. கிராம ஊராட்சிகளுக்கான 11-ஆவது அட்டவணையைப் புரட்டினால், 29 பணிகளில் 25-ஆவதாக அது இருக்கிறது. 29-ஆவதாகச் சமுதாயச் சொத்துகளின் பராமரிப்பும் இருக்கிறது. ஆக, கிராமத்தில் பிறந்த குழந்தை உள்ளாட்சியின் பொறுப்பு. நகரத்தில் பிறந்தால் அது ஒரு பதிவு எண். பிறந்ததும் சான்றிதழ் தருவது தங்கள் கடமை, இறந்தால் இடம் தருவதும் தங்கள் கடமை, இடைப்பட்ட காலத்தைச் சட்டம் தங்கள் பெருந்தன்மைக்கு விட்டுவிட்டது. தெருவில் திரியும் மாட்டுக்கும் ஓடிக் களைத்த காருக்கும் இடம் ஒதுக்க வேண்டிய மன்றம், தவழும் பிள்ளைக்கு ஒதுக்காவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாது என்று தாங்கள் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அதே அட்டவணையில் 12-ஆவதாகப் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் என்றும், 13-ஆவதாகப் பண்பாடு, கல்வி ஆகியவற்றை வளர்த்தல் என்றும் இரண்டு வரிகள் இருப்பதைத் தங்கள் சட்ட ஆலோசகர் எப்படியோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்.

அந்த 12-ஆவது வரியை எப்படி வாசிக்கலாம் என்பதற்குச் சென்னை மாநகராட்சி 2024 அக்டோபர் இறுதியில் ஒரு மாதிரி காட்டியது. செயற்கைப் புல் விரித்த 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆட வருபவரிடம் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றம் தீர்மானித்தது. கால்பந்தைத் தெருவிலேயே கற்றுக்கொள்ளும் வியாசர்பாடி போன்ற பகுதிகளைக் கொண்ட வடசென்னையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பையன் நாளுக்கு ஒரு மணி நேரம், மாதத்தில் 26 நாள் ஆடினால் 3,120 ரூபாய் ஆகிறது. அவன் தாய்க்கு அப்போது மாநில அரசு தந்த மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். கோட்டை கொடுத்த ஒரு பங்குக்கு ரிப்பன் மாளிகை மூன்று பங்கு வசூலிக்கும் இந்த ஏற்பாட்டை, இரண்டு அரசுகள் கைகோத்துச் செயல்படுவதன் இலக்கணமாகப் பாடத்தில் வைக்கலாம். எதிர்ப்பு கிளம்பிய வேகத்தில் முடிவு திரும்பப் பெறப்பட்டது, திடல்கள் இலவசமாகவே தொடரும் என்று அறிவிப்பும் வந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆயினும் பின்வாங்கியது தீர்மானம் மட்டுமே; அதைப் பெற்றெடுத்த கணக்கு அதே பேரேட்டில் அடுத்த தீர்மானத்துக்காகக் காத்திருக்கிறது.

இந்த இடத்தில் தங்கள் பொறியாளர் எழுந்து, செயற்கைப் புல் தேயும், பராமரிக்கக் காசு வேண்டாமா, இலவசமாகக் கொடுத்தால் எதையும் பாழாக்கிவிடுவார்களே என்பார். முதல் பாதி நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்டிருக்க வேண்டிய நாள், புல்லை விரிக்க மதிப்பீடு போட்ட நாள். ஐந்து ஆண்டு கழித்து இதற்கு என்ன செலவாகும் என்று அன்றே எழுதியிருந்தால், ஒருவேளை மண் திடலே போதும், மிச்சப் பணத்தில் ஒரு பயிற்சியாளரையும் ஒரு காவலாளியையும் வைக்கலாம் என்று முடிவாகியிருக்கும். பயிற்சியாளருக்குக் கல்வெட்டு வைக்க முடியாது என்பதுதான் அந்த யோசனையின் ஒரே குறை. இரண்டாம் பாதி வாதத்தைத் தாங்களே நம்புவதில்லை. சாலையைத் தேய்க்கும் காரிடம் மணிக்கு 120 ரூபாய் கேட்பதில்லை. தெருவிளக்கின் கீழே நடப்பவரிடம் சில்லறை வாங்குவதில்லை. இலவசமானால் பாழாகும் என்ற தத்துவம் பிள்ளைகள் கால் பதிக்கும் இடத்தில் மட்டுமே நினைவுக்கு வருகிறது. மேலும், கட்டணம் புல்லைக் காப்பதில்லை. காசு கொடுத்தவன் காலும் அதே வேகத்தில்தான் புல்லைத் தேய்க்கும். உள்ளே வருபவன் யார் என்பதைத்தான் கட்டணம் மாற்றும்.

அடுத்து, தங்கள் சமுதாய நலக்கூடங்கள். ஏழை எளியவர்கள் குறைந்த வாடகையில் திருமணம் நடத்தக் கட்டப்பட்டவை. அந்த நோக்கத்தைக் குறை சொல்பவன் நான் அல்ல. ஆனால் முகூர்த்தத்தை நம்பி வாழும் கட்டடத்துக்குப் பஞ்சாங்கமே நிர்வாக அதிகாரி. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை, மற்ற மாதங்களிலும் வளர்பிறையும் ஞாயிறும் கூடிவராத நாள்களில் பூட்டுத்தான் தொங்குகிறது. குழந்தைகளோ பஞ்சாங்கம் பார்க்காமல் ஆடியிலும் வளர்கிறார்கள். ஓர் அங்கன்வாடிக்கு 600 சதுர அடி, சமையலறை, பொருள் வைப்பறை, குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கழிப்பறை, வெளியே விளையாட இடம் வேண்டும் என்று விதி சொல்கிறது. நகரங்களில் பல மையங்கள் இந்த அளவுக்குப் பொருந்தாத வாடகை அறைகளில் நடக்கின்றன. அரிசி மூட்டைக்கும் எடை பார்க்கும் கருவிக்கும் போக மீதமிருக்கும் இடத்தில்தான் பாட்டும் கதையும். பக்கத்துத் தெருவில் முந்நூறு பேர் உட்காரும் கூடம் காலியாகக் கிடந்தாலும் அது ‘வருவாய் ஈட்டும் சொத்து’. அங்கே பகலில் இருபது பிள்ளைகள் உட்கார்ந்தால் வருவாய் இனம் ஒன்று கெட்டுவிடும். முகூர்த்தம் இல்லாத நாள்களில் அந்தக் கூடத்தைப் படிப்பகமாகவும் மாலை நேரப் பிள்ளைகள் மையமாகவும் திறந்துவைக்கப் புதிதாக ஒரு செங்கல்கூடத் தேவையில்லை. செங்கல் தேவைப்படாத யோசனை மன்றக் கூட்டத்துக்குப் போய்ச் சேராததில் வியப்பும் இல்லை.

நிதி இல்லை என்பது தங்கள் நிரந்தரப் பதில். அதையும் மரியாதையோடு எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பார்ப்போம். பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் சக ஆய்வாளர்களும் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதி மையங்களில், முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் வேலை பார்க்கும் ஒருவர் கூடுதலாகச் சேர்க்கப்பட்டார். கட்டடம் அதே கட்டடம். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் அவர்கள் முன்னேறினார்கள். ஏற்கெனவே இருந்த பணியாளருக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சிக் குறைபாடும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. கிடைக்கும் பயன் செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு இருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. எந்த வைப்பு நிதியும் தராத வட்டி இது, ஆனால் வருவாய்ச் செலவு என்ற பாவத்தைச் செய்த பணம். மறுபக்கக் கணக்கு லண்டனில் கிடைக்கிறது. 2010-க்கும் 2019-க்கும் இடையே, சிக்கனத்தின் பெயரால் அங்கிருந்த இளைஞர் மன்றங்களில் 30 விழுக்காடு மூடப்பட்டன. அருகில் வசித்த பதின்பருவத்தினரின் தேர்வு மதிப்பெண் சரிந்தது, குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு 14 விழுக்காடு கூடியது, மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகம் ஏறத்தாழ மூன்று பவுண்டு இழந்தது என்று அதை ஆராய்ந்தவர் கணக்கிட்டார். மிச்சம் உள்ளாட்சி மன்றத்தின் கணக்கில் வரவு. இழப்பு காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகியவற்றின் கணக்கில் பற்று. அடுத்தவர் பேரேட்டுக்குத் தள்ளிவிட்ட செலவைச் சேமிப்பு என்று தாங்கள் சொல்லலாம், தணிக்கையாளரும் கையெழுத்திடலாம். வரி கட்டுபவர் இரண்டு பேரேட்டுக்கும் ஒருவரே.

அங்கன்வாடி எங்கள் துறை இல்லையே, அது சமூக நலத் துறையின் கீழ் வருகிறது என்பது அடுத்த பதில். தங்கள் முன்னோருக்கு இந்தச் சாதுரியம் வாய்க்கவில்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் கூடிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானம் போட்டது. எந்த அட்டவணையும் அதைச் சொல்லவில்லை, எந்த அரசாணையும் அவர்களை விரட்டவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இப்படிச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925-இல் திட்டம் நின்றது. 1927-இல் மீண்டும் வந்தது. நிதித் தலைப்பு சரியில்லை என்று பிள்ளையின் தட்டைப் பிடுங்கும் கலை நூறாண்டுப் பழமை கொண்டது என்பதையும் இதிலிருந்து அறியலாம். அந்தச் சிற்றுண்டியின் வழியில் 1956-இல் காமராசரின் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2001-இல் நாடு முழுவதும் சமைத்த உணவு தர வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற ஆணை, 2022-இல் காலை உணவுத் திட்டம் என்று பள்ளி உணவு வளர்ந்தது. இத்தனைக்கும் முன்னோடியான தீர்மானம் ஒரு கட்டடத்தையும் கட்டவில்லை, இருந்த கட்டடத்துக்குள் இருந்த பிள்ளைகளைக் கவனித்தது. அன்று அந்த மன்றத்தினர் ஓரணாவைச் சேமித்து ஒரு வளைவு கட்டியிருந்தால், இன்று அதைப் போக்குவரத்துக்கு இடையூறு என்று தாங்களே இடித்திருப்பீர்கள்.

கடைசியாக ஒரு மறுப்பு, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: குழந்தைகளுக்கு ஓட்டு இல்லை, அவர்கள் மன்றத்துக்கு முன் மறியல் செய்வதுமில்லை. உண்மை. அதனால்தான் பொது இடத்தை விற்பவர்களை விடக் காப்பவர்கள் நீதிமன்றத்தை அதிகம் நாட வேண்டியிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. அங்கே போராடியவர்கள் வளர்ந்த குடிமக்கள், ஓட்டு உள்ளவர்கள். ஓட்டு இல்லாதவர்களின் இடத்தை வழக்கு வரும்வரை காத்திருக்காமல் காப்பதற்குத்தான் மன்றம் என்று ஒன்றை நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

விமர்சனம் எளிது, மாற்று என்ன என்று கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு. வரைவுத் தீர்மானமே தயார், மேசையில் வைத்தால் போதும். ஒன்று: குழந்தைகளுக்கான எந்தக் கட்டடத்துக்கும் திடலுக்கும் ஐந்தாண்டு நடத்தும் செலவை வருவாய் நிதியில் காட்டாமல் அடிக்கல் நாட்டக் கூடாது. இரண்டு: ஒவ்வொரு சமுதாய நலக்கூடமும் ஆண்டில் எத்தனை நாள் திறந்திருந்தது, எத்தனை குழந்தைகள் பயன்படுத்தினார்கள் என்ற விவரத்தை வாடகை வருவாய்க்குப் பக்கத்திலேயே நிதிநிலை அறிக்கையில் அச்சிட வேண்டும். மூன்று: குழந்தைகளின் இடத்தைத் தொடும் எந்தத் தீர்மானமும் வார்டு மக்களின் கூட்டத்தில் படிக்கப்படாமல் மன்றத்துக்கு வரக் கூடாது. நிதிச்சுமை பற்றிக் கவலை வேண்டாம். முதல் தீர்மானமே தங்களைப் பாதி கட்டடங்களின் செலவிலிருந்து காப்பாற்றிவிடும். கல்வெட்டுக்கு என்ன செய்வது என்று தாங்கள் தயங்கினால், ஆண்டுதோறும் நடத்தும் செலவை ஒதுக்கும் உறுப்பினரின் பெயரை ஆண்டுதோறும் புதுப்பித்து எழுதத் திடலின் சுவரில் இடம் விடலாம். ஒருமுறை திறந்துவைப்பவரை விட, ஐந்து ஆண்டும் பணம் ஒதுக்குபவருக்கு அதில் ஐந்து முறை பெயர் வரும்.

இப்படிக்கு,
ஓட்டும் வரியும் உள்ள ஒருவன்.

நகல்: உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கு, ஆட்சேபக் குறிப்பை முன்கூட்டியே தயார் செய்துகொள்ள வசதியாக.