திரிஷ்ணாவும் தாரிணியும்

1987இல் இந்திய அஞ்சல்துறை ஒரு பாய்மரப் படகுக்குத் தபால்தலை வெளியிட்டது. படகின் பெயர் திரிஷ்ணா. திருநெல்வேலியில் வேலை பார்த்த மாமா அதை வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். எங்கள் ஊரான திருவேங்கடத்துப் பையன்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர் போகும்போது பார்க்கிற கடல்தான். மற்ற நாளெல்லாம் கரிசல் காடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை.

"யாருலே இதுல போனது?" என்று தாத்தா கேட்டார்.

"பட்டாளத்துக்காரங்க தாத்தா. உலகத்தையே சுத்தி வந்துட்டாங்க."

"பட்டாளத்துக்காரனுக்குக் கடல்ல என்னலே சோலி?"

அந்தக் கேள்விதான் என்னை அந்தப் படகோடு சேர்த்துக் கட்டியது. போனவர்கள் கடற்படையினர் இல்லை, தரைப்படையின் பொறியாளர் பிரிவினர். 1985 செப்டம்பர் 28இல் புறப்பட்டு 1987 ஜனவரி 10இல் திரும்பினார்கள். பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர்கள் அவர்களே. பாலம் கட்டவும் கண்ணிவெடி எடுக்கவும் பழகியவர்களால் இதைச் செய்ய முடிந்தது என்றால், கரிசலில் பிறந்தவனுக்கும் கடல் அந்நியமில்லை என்று அன்றைக்கு நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

திரிஷ்ணா 37 அடிப் படகு. பின்லாந்தில் கட்டும் ஸ்வான் வகையைச் சேர்ந்தது, ஏற்கெனவே வேறு கைகளில் ஓடியது. அதை வாங்கித்தான் போனார்கள். ஜிபிஎஸ் முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995இல். அதற்குப் பத்தாண்டு முன்பு நடுக்கடலில் இருப்பவன் பெரும்பாலும் செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து, கணக்குப் போட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாலு நாள் மேகம் மூடினால் நாலு நாளும் ஊகம்தான். 37 அடிக்குள் ஒரு குழுவே உண்டு, உறங்கி, நனைந்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி மாதக்கணக்கில் இருந்தது.

இப்போது தாரிணி என்ற இன்னொரு பாய்மரப் படகு. 56 அடி. கோவாவில் மாண்டவி ஆற்றின் நடுவே இருக்கும் திவார் தீவில், அக்வாரியஸ் படகுப் பட்டறையில் கட்டியது. 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தது. அதன் அக்கா மாதேய், 2009இல் அதே பட்டறையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் வரைபடம் டச்சுக்காரர்களுடையது, உழைப்பு நம்முடையது. மாதேயில்தான் திலீப் தோண்டே 2009-10இல் நான்கு துறைகளில் மட்டும் நின்று தனியாக உலகைச் சுற்றினார். 2013இல் அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமலே சுற்றி முடித்தார். தாரிணியில் 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் போய்வந்தார்கள். பிறகு 2024 அக்டோபர் 2இல் இரண்டே பேர் கிளம்பினார்கள்: கோழிக்கோட்டின் தில்னா, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு 2025 மே 29இல் கோவா திரும்பினார்கள்.

ஆக, படகு பெரிதான பிறகும் ஒருவரோ இருவரோ மட்டும் போன பயணங்கள் நடந்திருக்கின்றன. பெரிய படகு என்றால் சொகுசு என்று கரையில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறோம். ஒரு பங்கு உண்மைதான். நீரைத் தொடும் நீளம் கூடினால் படகின் வேகமும் கூடும், அலையில் துள்ளுவதும் குறையும், குடிநீருக்கும் உணவுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் பாயின் கனமும் கூடவே ஏறுகிறது. திரிஷ்ணாவின் பாயைச் சுருக்க இரண்டு பேர் கை கொடுத்தால் நடந்துவிடும். 56 அடிப் படகின் முதன்மைப் பாயில் புயல் நேரத்தில் ஒரு மடிப்பைக் குறைப்பது முதுகை ஒடிக்கிற வேலை. ஒருத்தி கண்ணயர்ந்திருந்தால் மற்றவள் ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டும். செயற்கைக்கோள் இடத்தைச் சொல்லும், பாயை இழுக்காது. எது கடினமான பயணம் என்று கேட்டால், உடலுக்குத் தாரிணி, மனசுக்குத் திரிஷ்ணா என்பேன். வழி காட்ட முன்னால் ஓர் இந்தியப் படகும் போயிருக்காத கடல் அது.

காற்று எங்கள் ஊருக்கும் பழக்கம்தான். குற்றாலத்தில் சாரலாக விழுகிற தென்மேற்குக் காற்று அங்கே வரும்போது ஈரமெல்லாம் வற்றி வேகம் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆடியில் அது களத்து மண்ணை வாரிக்கொண்டு போகும். இன்று அதே காற்றில் சங்கரன்கோவில் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன. இந்தக் காற்று வீசும் மாதங்களில் தூத்துக்குடித் தோணிகள் கடலுக்குப் போகாமல் நின்று பழுதுபார்த்துக்கொள்ளும். திரிஷ்ணாவை நாடு கொண்டாடிக்கொண்டிருந்த காலத்திலும், தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டிருந்தன. பரம்பரையாகப் பாயையும் காற்றையும் அறிந்த மாலுமிகள் அவற்றை ஓட்டினார்கள். அவர்களுக்குத் தபால்தலை வரவில்லை. வேறு நாட்டில் வாங்கிய படகைப் பார்த்து வியந்த நான், எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மதியத்துக்குள் பார்த்துவிடக்கூடிய தோணிகளைப் பல வருஷம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன்.

தாரிணியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திவார் தச்சர்களின் ஞாபகம்தான் முதலில் வருகிறது. நடுவில் மரம், மேலே கண்ணாடியிழைப் போர்வை என்று அந்தப் படகுகளுக்கு உடல் கொடுத்தவர்கள். தூத்துக்குடியில் கையளவும் கண்ணளவும் வைத்தே தோணி கட்டிய தச்சர்கள் அவர்களுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்ல. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938இல் தமிழ் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது.

அடுத்த உலகச் சுற்றுக்கு ஒரு படகு கட்டுவதானால் அந்த வேலையைத் தூத்துக்குடிக்குக் கொடுக்க வேண்டும். வரைபடம் எங்கிருந்தும் வரட்டும், மாதேய்க்கும் அப்படித்தான் வந்தது. தோணி கட்டிய தச்சர்கள் உளி பிடிக்கும் வயதில் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.