சம்பந்தி வீட்டாருக்குப் பெண் வீட்டார் எழுதிக்கொள்வது

பெருமதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களின் திருச்சமூகத்துக்கு,

தங்கள் சமுதாய நலக்கூடத்தில் மார்ச் 14, 15 தேதிகளில் கைவினைச் சந்தை நடத்தக் கொடுத்துவைத்தவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்துக்குக் குறைவே இருக்காது. அதற்கான கட்டணங்களை நாங்கள் கட்டிவிட்டோம்.

அந்தக் கூடத்தில் பெரும்பாலும் நடப்பது கல்யாணம். அதனாலோ என்னவோ, கூடத்தை எடுப்பவர்களை எல்லாம் பெண் வீட்டாராகவும் தங்களை மாப்பிள்ளை வீட்டாராகவும் நினைக்கும் பழக்கம் தங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. எங்களுக்கும் சந்தோஷம்தான். மாநகராட்சியோடு சம்பந்தம் பண்ண யாருக்குக் கசக்கும்? ஆகவே இந்தக் கடிதம் முடியும்வரை தங்களைச் சம்பந்தி என்றே அழைக்க உத்தரவு தர வேண்டும்.

முதல் சீரை ஜனவரியிலேயே செய்துவிட்டோம், சம்பந்தி. இரண்டு நாள் வாடகை 12,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 2,160. முன்பணம் 5,000. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி, அது தனித் தட்டு. விண்ணப்பத்தில் ‘நிகழ்ச்சியின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘கைவினைப் பொருள், வீட்டுத் தின்பண்டம் விற்பனை’ என்று எழுதியிருந்தேன். ‘விற்பனை’ என்ற சொல்லின் மேலேயே தங்கள் முத்திரை விழுந்திருக்கிறது.

சனிக்கிழமை பத்தே முக்கால். சந்தை அப்போதுதான் களைகட்டியது. சுகாதார ஆய்வாளர் வந்தார். இருபத்திரண்டு மேசைகளையும் ஒரு சுற்று பார்த்தார். மேடை ஏறி, மைக்கை வாங்கி, “தொழில் உரிமம் இல்லாத கடையெல்லாம் உடனே மூடணும்” என்று அறிவித்தார். நாங்கள் 800 ரூபாய் வாடகைக்கு எடுத்த மைக். அது கீச்சென்று கத்தியது. “கொஞ்சம் பாருங்க சார்” என்றார் என்னிடம். நானே போய்த் திருகிச் சரிசெய்து கொடுத்தேன். இரண்டாவது அறிவிப்பு கூடத்தின் கடைசி மூலைவரை தெளிவாகக் கேட்டது.

உரிமக் கட்டணம் மேசைக்கு 750 ரூபாய். இருபத்திரண்டு மேசைக்கு 16,500. கூடத்தின் வாடகையைவிட அதிகம். எல்லாம் பேசி முடித்தபிறகு, தாலி கட்டும் நேரத்தில் ‘மோதிரம் வரவில்லையே’ என்று மாப்பிள்ளையை எழுப்பிவிடும் தாய்மாமன் பழைய படங்களில் ஒருவர்தான் இருப்பார். தங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு பிரிவே இருக்கிறது.

“வருஷம் பூரா செல்லும் சார்” என்று ஆறுதல் வேறு சொன்னார் தாய்மாமன். இந்த உரிமத்தின் வருஷம் மார்ச் 31-ல் முடிகிறது. ஆக, பதினெட்டு நாள். இரண்டு நாள் சந்தை போக மீதிப் பதினாறு நாளும், உரிமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பூட்டிய கூடத்தின் வாசலில் நிற்கலாம்.

ஒன்பது பேர் கட்டினார்கள். பதின்மூன்று பேர் மேசையை மடக்கினார்கள். பணத்தைக் கைக்கருவியில் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். உரிமத்துக்கு மட்டும் திங்கட்கிழமை விண்ணப்பிக்க வேண்டுமாம். போனேன். வணிகம் நடக்கும் கட்டடத்தின் சொத்து வரி ரசீது வேண்டும், கட்டட உரிமையாளரின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். உரிமையாளர் தாங்கள்தான் என்றேன். “இருக்கட்டும், வாங்கிட்டு வாங்க.” வருவாய்ப் பிரிவுக்குப் போனேன். “அது நம்ம பில்டிங் சார், அதுக்கு யாராவது சொத்து வரி போடுவாங்களா?” என்று சிரித்தார்கள். திரும்பி வந்தேன். “ரசீது எண் போடாம சிஸ்டம் எடுக்காது.” இரண்டு மேசைக்கும் நடுவே பன்னிரண்டடி இருக்கும். மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் பெண் கொடுத்தவன், இருவருக்கும் நடுவே தூது போய்த்தானே ஆக வேண்டும்?

சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, சம்பந்தி. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ல் நிறைவேறியது. இப்போதைய வடிவில் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13-ல். நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே இருபத்தைந்து வருஷம் பொறுத்திருந்த குடும்பம். அந்தப் பொறுமையில் இரண்டு நாளை எங்களுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

தொழில் உரிமம் எதற்கு என்பதும் தெரியும். மாவு மில் பக்கத்து வீட்டின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது, ஓட்டல் எண்ணெய் சாக்கடையை அடைக்கக் கூடாது, ஆபத்தான தொழிலுக்குக் கட்டடம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். இங்கே கட்டடம் தங்களுடையது. கழிப்பறையும் தங்களுடையது. அதில் தண்ணீர் வராததும் தங்களுடையதே. வரி வேறு, கட்டணம் வேறு, கட்டணத்துக்குப் பதிலாக ஒரு சேவை இருக்க வேண்டும் என்று சிரூர் மடம் வழக்கில் 1954-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்த வழக்கு சென்னையிலிருந்து போனதுதான். உரிமக் கட்டணத்துக்கு அந்தக் கணக்கைப் பிந்தைய தீர்ப்புகள் தளர்த்திவிட்டன, அது ஒழுங்குபடுத்துவதற்கான கட்டணம் என்று தங்கள் வழக்கறிஞர் சொல்வார். சொல்லட்டும். அன்று ஒழுங்குபடுத்தப்பட்டது எது? தாய்மாமன் ஒரு பாட்டிலைக்கூடத் திறந்து முகர்ந்து பார்க்கவில்லை.

பாட்டில் என்றதும் ஊறுகாய் அக்கா நினைவுக்கு வருகிறார். உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷம் 100 ரூபாய் கட்டி, சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசையில் வைத்திருந்தவர். அவருடைய அன்றைய விற்பனை 640 ரூபாய். கேட்டது 750. பதினொரு பாட்டிலையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குக் கிளம்பும்போது, “நான் என்ன தம்பி தப்பு பண்ணேன், மைக்ல சொல்றாங்க?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். இடம் உங்களுடையது, நோக்கம் தெரியும், வாடகை வாங்கியாகிவிட்டது. இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஊரே பார்க்க ஒரு பெண்ணைத் திருட்டு வியாபாரி போல எழுப்பி அனுப்பினீர்கள். இதற்குப் பெயர் கட்டணம் இல்லை. மாட்டிக்கொண்டவரிடம் பிடுங்குவது.

மன்னிக்க வேண்டும், சம்பந்தி. பெண் வீட்டார் குரலை உயர்த்தக் கூடாது. கொஞ்சம் பன்னீர் தெளித்துக்கொண்டு தொடர்கிறேன்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கூடத்தைப் பதிவு செய்ய வருபவர் நோக்கம் ‘விற்பனை’ என்று எழுதினால், அங்கேயே சொல்லிவிடுங்கள். மேசைக்கு ஒன்றாக இல்லாமல் நிகழ்ச்சிக்கு ஒரு உரிமம், வருஷக் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் ஒரு தொகை, வாடகையோடு சேர்த்து ஒரே ரசீது. கட்ட முடிந்தவர் கட்டுவார், முடியாதவர் மொட்டைமாடியில் சந்தை போட்டுக்கொள்வார். சீர் எவ்வளவு என்று பந்தக்கால் நடும் முன்பே பேசிவிடுவதுதான் நல்ல குடும்பத்துக்கு அழகு.

என்றும் தங்கள் கட்டளையை எதிர்நோக்கும்,
பெண் வீட்டார்.

பின்குறிப்பு: முன்பணம் 5,000 ரூபாய் இன்னும் திரும்பி வரவில்லை. அசல் ரசீதைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அசல் ரசீது உரிம விண்ணப்பத்தோடு தங்கள் சுகாதாரப் பிரிவில் இருக்கிறது.